தகடு சொல்வதும் வண்டி சொல்வதும்: பழைய டிரக்கின் அசல் விவரங்களைக் கண்டுபிடிக்க ஒரு வழிகாட்டி

ஐம்பது வருடம் ஓடிய டிரக்கில் எது அசல், எது நடுவில் யாரோ மாற்றியது என்று வெறும் பார்வையில் சொல்லிவிட முடியாது. இன்ஜின் மாறியிருக்கலாம். பெயின்ட் நாலு கோட் ஏறியிருக்கலாம். பின் ஆக்ஸில் வேறொரு வண்டியிலிருந்து வந்திருக்கலாம். இதையெல்லாம் பிரித்துப் பார்க்க நமக்குக் கிடைக்கும் முதல் ஆதாரம், கம்பெனி குறியீடுகளை அடித்துப் பொருத்திய ஒரு சின்ன உலோகத் தகடு. எந்த இன்ஜின், எந்த கியர் பாக்ஸ், என்ன நிறம், எவ்வளவு எடை தாங்கும் என்று அன்றைய நிலை அதில் பதிவாகியிருக்கும்.

தகடு சொல்வது வண்டி ஃபேக்டரியை விட்டு வந்த நாளின் நிலையை மட்டும்தான். இன்று நிற்பதும் அதே வண்டிதானா என்பதற்கு சேசிஸ், இன்ஜின் பிளாக், ஆக்ஸில் ஆகியவற்றில் உள்ள எண்கள்தான் பதில் சொல்ல வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் உதிரி பாகம் வாங்க ஆரம்பித்தால் காசு வீணாகும்.

இங்கே 1967 முதல் 1972 வரை வந்த ஃபோர்டு எஃப் வரிசை பிக்கப்பை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அதன் தகடு படிக்க எளிது, ஏமாற்றும் இடங்களும் அதில் நிறைய உண்டு. வேறு கம்பெனி வண்டி வைத்திருப்பவர்களுக்குக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன்.

முதலில் தகட்டைத் தேடுங்கள்

இந்த ஃபோர்டு வண்டிகளில் தகடு ஓட்டுநர் பக்கக் கதவில் ரிவெட் அடித்து இருக்கும். கதவைத் திறந்தாலே தெரியும். மற்ற பழைய டிரக்குகளில் டேஷ்போர்டு, கையுறைப் பெட்டியின் மூடி, கதவுத் தூண், பானெட்டுக்கு அடியில் இன்ஜினையும் கேபினையும் பிரிக்கும் தடுப்பு ஆகிய இடங்களில் பாருங்கள். பல வண்டிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட தகடு இருக்கும். ஒன்று கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிடாதீர்கள்.

தகடு கதவில் இருப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பழைய டிரக்கில் முதலில் துருப்பிடிப்பதும் அடிவாங்குவதும் கதவுதான். உடைந்த கதவைக் கழற்றிப் போட்டுவிட்டு, பழைய இரும்புக் கடையில் கிடைத்த இன்னொரு வண்டியின் கதவை மாட்டியிருப்பார்கள். அந்தக் கதவோடு அந்த வண்டியின் தகடும் வந்து சேரும். அப்போது நீங்கள் அக்கறையாகப் படிப்பது எப்போதோ உடைத்துப் போட்ட வேறொரு டிரக்கின் விவரமாக இருக்கும். அதனால் தகட்டைப் படித்த கையோடு சேசிஸ் எண்ணைப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

சுத்தம் செய்யும்போது நிதானம்

சோப்புத் தண்ணீரும் மெத்தென்ற துணியும் போதும். கிரீஸ் படிந்திருந்தால் கொஞ்சம் மண்ணெண்ணெய். உப்புத்தாள், வயர் பிரஷ் பக்கமே போகாதீர்கள். தலைப்புகள் பெரும்பாலும் அச்சிட்ட மை. தேய்த்தால் எழுத்து போய்விடும். குறியீடுகள் மட்டும்தான் உலோகத்தில் அடித்தவை. தகட்டின் மேல் யாராவது பெயின்ட் அடித்திருந்தால் அதை நீக்க ரசாயனம் ஊற்றாதீர்கள். மேல் பெயின்டோடு அசல் மையும் கரைந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக நகத்தாலோ பிளாஸ்டிக் துண்டாலோ சுரண்டி எடுப்பதே பாதுகாப்பு.

எண்கள் மங்கலாக இருந்தால் டார்ச்சைத் தகட்டுக்கு நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில், ஏறக்குறைய தகட்டோடு ஒட்டினாற்போலப் பிடித்துப் படம் எடுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். அதுவும் போதவில்லை என்றால் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்துப் பிரதி எடுக்கலாம். நேரில் தெரியாத இலக்கம் பிரதியில் தெரிவது உண்டு.

ரிவெட்டைக் கழற்றித் தகட்டைக் கையில் எடுத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். பல நாடுகளில் அடையாள எண் உள்ள தகட்டைக் கழற்றுவது சட்டப்படி குற்றம். அதோடு, புது ரிவெட் போட்ட தகட்டை விவரம் தெரிந்த யாரும் நம்ப மாட்டார்கள். இதே காரணத்துக்காக நீங்களும் மற்றவர் வண்டியைப் பார்க்கும்போது ரிவெட்டைப் பாருங்கள். வண்டி பழசாக இருந்து ரிவெட்டும் தகடும் மட்டும் பளபளவென்று இருந்தால் அது பிற்காலத்தில் செய்த நகலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பெரிய எண்ணைப் பிரித்துப் படித்தல்

தகட்டில் வாரன்டி எண் என்ற தலைப்பில் இருப்பதுதான் வண்டியின் அடையாள எண். உதாரணத்துக்கு எஃப்25எச்ஆர்என் என்று தொடங்கி அதன்பின் ஐந்து இலக்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதல் மூன்று இடம், எஃப்25, வண்டியின் வகை. எஃப்10 என்றால் எஃப்-100. எஃப்11 என்றால் அதே எஃப்-100, ஆனால் நான்கு சக்கர இயக்கம். எஃப்25 என்றால் எஃப்-250. எஃப்26 அதன் நான்கு சக்கர இயக்க வண்டி. எஃப்35 என்பது எஃப்-350. நம் உதாரணம் பின்சக்கர இயக்கம் உள்ள எஃப்-250. அந்த வண்டியில் இன்று முன் ஆக்ஸிலுக்கும் சக்தி போகிறது என்றால் அது பிறகு மாற்றியது என்று இங்கேயே தெரிந்துவிடும்.

நான்காவது இடம் இன்ஜின். ஏ என்றால் 240 கன அங்குல ஆறு சிலிண்டர், பி என்றால் 300 கன அங்குல ஆறு சிலிண்டர். ஜி என்றால் 302 வி8, அதாவது எட்டு சிலிண்டர், எச் என்றால் 390 வி8. ஒய் என்ற எழுத்தில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். 1967 வண்டியில் ஒய் என்றால் 352 வி8. 1968 முதல் அதே ஒய் 360 வி8-ஐக் குறிக்கிறது. எழுத்து ஒன்றுதான், இன்ஜின் வேறு. குறியீட்டுப் பட்டியல் எதைப் பார்த்தாலும் அது எந்த வருடத்துக்கானது என்று முதலில் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

ஐந்தாவது எழுத்து வண்டி எந்த ஃபேக்டரியில் உருவானது என்பது. ஆர் என்றால் சான் ஹோசே, கே என்றால் கான்சாஸ் சிட்டி, எல் என்றால் மிச்சிகன் டிரக் ஆலை, டி என்றால் டாலஸ், என் என்றால் நார்ஃபோக்.

ஆறாவது எழுத்தும் அதைத் தொடரும் இலக்கங்களும் வரிசை எண். வருடத்துக்கென்று தனி இடம் இந்த எண்ணில் கிடையாது. வரிசை எண் தொடங்கும் எழுத்தை வைத்துத்தான் வருடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். 1967-இல் ஏ-யில் தொடங்கி வருடம் ஏற ஏற எழுத்தும் ஏறிக்கொண்டே போகும். நம் உதாரணத்தில் உள்ள 'என்' என்ற எழுத்து 1972 மாடலில் வரும். ஒரே எழுத்து இரண்டு மாடல் வருடங்களின் எல்லையில் நிற்கும்போது இலக்கங்களையும் சேர்த்துப் பட்டியலில் பார்க்க வேண்டும். பதிவுச் சான்றிதழில் உள்ள வருடத்தை மட்டும் நம்பாதீர்கள். அது வண்டியை விற்ற வருடமாகவோ பதிவு செய்த வருடமாகவோ இருக்கலாம்.

வி.ஐ.என்., அதாவது வாகன அடையாள எண், என்றாலே 17 எழுத்துகள் என்று பழகியவர்களுக்கு இந்தக் குட்டி எண் விசித்திரமாக இருக்கும். 17 இட முறை அமெரிக்காவில் 1981 மாடலிலிருந்துதான் கட்டாயமானது. அதற்கு முன் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு முறை. 1981-க்கு முந்தைய டிரக்கின் எண்ணை இணையத்தில் உள்ள பொதுவான தேடல் கருவிகளில் போட்டால் ஒன்றும் வராது, வந்தாலும் தப்பாக வரும்.

மற்ற கட்டங்கள்

வீல்பேஸ் கட்டம் அங்குலத்தில் இருக்கும். எஃப்-100-இல் 115 அல்லது 131, எஃப்-250-இல் வழக்கமாக 131. முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை டேப் பிடித்து அளந்து பாருங்கள். 115 அங்குலம் 292 சென்டிமீட்டர், 131 அங்குலம் ஏறக்குறைய 333 சென்டிமீட்டர். நீளமான வண்டியை வெட்டிக் குட்டையாக்குகிறவர்கள் உண்டு. அளவும் தகடும் ஒத்துப்போகவில்லை என்றால் சேசிஸில் வெல்டிங் தழும்பு எங்கே என்று தேடுங்கள்.

நிறக் கட்டத்தில் ஒரு எழுத்து இருந்தால் ஒரே நிறம், இரண்டு எழுத்து இருந்தால் இரட்டை நிறம். ஏ என்றால் ரேவன் பிளாக், எம் என்றால் விம்பிள்டன் ஒயிட். மற்ற எழுத்துகள் வருடத்துக்கு வருடம் மாறும். கட்டம் காலியாக இருந்தால் அடித்தவர் மறந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். வாடிக்கையாளர் கேட்ட தனி நிறம் என்று பொருள். அந்த வண்டி ஏதாவது கம்பெனிக்கோ அரசுத் துறைக்கோ ஓடியிருக்கலாம்.

மாடல், பாடி கட்டங்கள் கேபின் வகையையும் உள் அலங்காரத்தையும் சொல்பவை. டிரான்ஸ்மிஷன் கட்டத்தில் ஒரு எழுத்து கியர் பாக்ஸைச் சொல்லும். ஆக்ஸில் கட்டத்தில் பின் ஆக்ஸிலின் வகையும் கிரவுன்-பினியன் விகிதமும் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற, கியர் பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றும் என்பது) குறியீடாக இருக்கும். இவற்றுக்கு அந்த வருடத்துப் பட்டியலை வைத்துக்கொண்டு படிப்பதைத் தவிர வேறு குறுக்கு வழி இல்லை.

அதிகபட்ச ஜி.வி.டபிள்யூ. என்பது வண்டி, சுமை, ஆட்கள், எரிபொருள் எல்லாம் சேர்ந்த மொத்த எடை, பவுண்டில். எஃப்-250-இல் 7500 என்று இருந்தால் 3,400 கிலோ. ஏற்றக்கூடிய சுமை இதுதான் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். வண்டியின் சொந்த எடையைக் கழித்தால்தான் சுமை வரும். இந்த எண்ணை அலட்சியமாக விடாதீர்கள். ஒரே எஃப்-100 பல ஜி.வி.டபிள்யூ. அளவுகளில் விற்கப்பட்டது, அளவு கூடக்கூட ஸ்பிரிங் கனமாகும், டயர் மாறும். உங்கள் வண்டிக்கு எந்த ஸ்பிரிங் அசல் என்பதற்குத் தகட்டில் கிடைக்கும் நல்ல தடயம் இது.

குதிரைத்திறன் கட்டத்தில் விளம்பரத்தில் படித்ததைவிடக் குறைந்த எண் இருக்கும். விளம்பரங்கள் அன்று மொத்தத் திறனைப் போட்டன. தகட்டில் நிகரத் திறன், அதாவது ஃபேன், சைலன்சர் போன்றவை எடுத்துக்கொண்டது போக மிஞ்சுவது. இன்ஜின் மாறியிருக்கிறது என்று இதை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

டி.எஸ்.ஓ. என்ற கட்டம் எனக்கு மிகப் பிடித்தது. முதல் இரண்டு இலக்கம், ஆர்டர் வந்த விற்பனை மாவட்டம்: 71 என்றால் லாஸ் ஏஞ்சலஸ், 33 என்றால் டெட்ராய்ட். இரண்டே இலக்கம் இருந்தால் வழக்கமான வண்டி. அதன் பின்னால் இன்னும் சில இலக்கங்கள் தொடர்ந்தால் பட்டியலில் இல்லாத ஏதோ ஒன்றைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள் என்று பொருள். என்ன கேட்டார்கள் என்று தகடு சொல்லாது. ஆனால் வண்டியில் வினோதமாக ஏதாவது தென்பட்டால் உடனே கழற்றி எறியாமல், இது ஃபேக்டரியிலேயே போட்டதோ என்று யோசிக்க வேண்டும்.

இனி வண்டியைப் பாருங்கள்

முதலில் சேசிஸ். இந்த ஃபோர்டு வண்டிகளில் அதே அடையாள எண் வலப்பக்கச் சட்டத்தின் மேல்புறத்தில், இன்ஜின் அறைப் பகுதியில் அடித்திருக்கும். அழுக்கும் துருவும் மூடியிருக்கும். துருவைத் துணியால் துடைத்துக் கொஞ்சம் எண்ணெய் தடவினால் எழுத்து தெரியும். இது தகட்டோடு ஒத்துப்போனால் பாதி வேலை முடிந்தது. ஒத்துப்போகவில்லை என்றால் நம்ப வேண்டியது சேசிஸைத்தான். கதவு மாறியிருக்கிறது என்று குறித்துக்கொண்டு மேலே போங்கள். வண்டியை வாங்குவதற்கு முன்னாலேயே இதைப் பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் பதிவுச் சான்றிதழில் இருப்பது கதவுத் தகட்டின் எண்ணாக இருந்தால் பிறகு உங்களுக்குத்தான் அலைச்சல்.

அடுத்து இன்ஜின். 352, 360, 390 மூன்றும் ஒரே குடும்பம், வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். பல பிளாக்குகளின் முன்பக்கத்தில் 352 என்று வார்ப்பில் இருக்கும். அதைப் பார்த்து இது 352 இன்ஜின் என்று விற்கிறவர்களும் உண்டு, வாங்குகிறவர்களும் உண்டு. அந்த எண்ணுக்கு மதிப்பு கிடையாது, 360-இலும் 390-இலும் கூட அது இருக்கும். உண்மையான வித்தியாசம் உள்ளே. 360-க்கும் 390-க்கும் சிலிண்டர் விட்டம் ஒன்றுதான், 4.05 அங்குலம். பிஸ்டன் ஓடும் தூரம் 360-இல் 3.50 அங்குலம், அதாவது 89 மில்லிமீட்டர், 390-இல் 3.78 அங்குலம், 96 மில்லிமீட்டர்.

இதை இன்ஜினைப் பிரிக்காமலே அளக்கலாம். பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றினால் இன்ஜின் கையால் எளிதாகச் சுற்றும். முதல் சிலிண்டரின் பிளக் துளையில் நீளமான மெல்லிய மரக்குச்சியைப் பிஸ்டன் மேல் படும்படி விடுங்கள். உள்ளே விழுந்துவிடாத நீளம் இருக்க வேண்டும். இரும்புக் கம்பி வேண்டாம், பிஸ்டனைக் கீறும். கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பானர் போட்டு மெதுவாகச் சுற்றி, பிஸ்டன் மேலே இருக்கும்போது குச்சியில் ஒரு கோடு, கீழே போனதும் ஒரு கோடு. இரண்டுக்கும் உள்ள தூரத்தை அளங்கள். துளை சாய்வாக இருப்பதால் அளவு துல்லியமாக வராது, ஆனால் 7 மில்லிமீட்டர் வித்தியாசம் மறைந்துபோகாது. 352-ஐயும் 360-ஐயும் இந்த வழியில் பிரிக்க முடியாது, இரண்டிலும் பிஸ்டன் ஓடும் தூரம் ஒன்றே; விட்டத்தை அளந்தால்தான் தெரியும்.

அப்புறம் வார்ப்பு எண்கள். இதில்தான் அதிகமான தவறான முடிவுகள் வருகின்றன. இன்ஜினின் சிலிண்டர் ஹெட்டில் சி8ஏஇ-எச் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். சி என்றால் 1960-கள், 8 என்றால் 1968. ஆகவே 1972 வண்டியில் 1968 ஹெட் போட்டிருக்கிறார்கள் என்று பதறத் தேவையில்லை. அந்த எண் வடிவமைப்பு எப்போது வந்தது என்பதைத்தான் சொல்கிறது. அதே வடிவத்தைப் பல வருடங்கள் வார்த்துக்கொண்டே இருந்தார்கள். எப்போது வார்த்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் தேதிக் குறியீட்டைப் பாருங்கள். 2டி18 என்று இருந்தால் 2 வருடத்தின் கடைசி இலக்கம், டி மாதம், 18 தேதி. ஜனவரி ஏ, பிப்ரவரி பி என்று போகும். ஐ எழுத்தைத் தாண்டிவிடுவதால் செப்டம்பர் ஜே, டிசம்பர் எம். ஆகவே 1972 ஏப்ரல் 18. வார்த்த தேதி வண்டி உருவான தேதிக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தால் அது அசலாக இருக்கலாம். வண்டி உருவானதற்குப் பிந்தைய தேதி என்றால் நிச்சயமாக அசல் இல்லை. பத்தாண்டு இந்தக் குறியீட்டில் இல்லை என்பதால் அதை வடிவமைப்பு எண்ணோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

பின் ஆக்ஸிலில் ஒரு போல்ட்டுக்கு அடியில் சின்னத் தகரத் துண்டு மாட்டியிருக்கும். ஃபோர்டு ஆக்ஸிலில் 3 50 என்று இருந்தால் விகிதம் 3.50. நடுவில் எல் எழுத்து வந்து 3எல்50 என்று இருந்தால் லிமிடெட் ஸ்லிப் வகை, அதாவது ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்துவது. டேனா கம்பெனியின் ஆக்ஸிலில் பற்களின் எண்ணிக்கை இருக்கும்: 41-10 என்றால் 4.10. துண்டு தொலைந்திருந்தால் சுற்றி எண்ணலாம். முன் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி, ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்து, நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள். ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு போட்டு, தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றினால் ஷாஃப்ட் எத்தனை சுற்று போகிறதோ அதுதான் விகிதம். லிமிடெட் ஸ்லிப் என்றால் இரண்டு சக்கரங்களையும் தூக்கி ஒரே ஒரு சுற்று.

நிறத்துக்கு, பெயின்ட் அடிக்கிறவர் கை போகாத இடங்களைப் பாருங்கள். இந்த வண்டிகளில் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள், சீட்டுக்குப் பின்னால் இருக்கும். அதைக் கழற்றினால் பின்னால் உள்ள தகரத்தில் அசல் நிறம் வெயில் படாமல் அப்படியே இருக்கும். கலர் மேட்ச் செய்ய இதைவிட நல்ல இடம் கிடையாது.

வேறு கம்பெனி வண்டிகள்

அதே காலத்து செவ்ரலே பிக்கப்பில் கதவுத் தூணில் எண் தகடும், கையுறைப் பெட்டி மூடியின் உட்புறம் ஒரு காகித ஒட்டியும் இருக்கும். ஒட்டிதான் பொக்கிஷம். கூடுதலாகக் கேட்டு வாங்கியவை அதில் மூன்றிலக்கக் குறியீடுகளாக வரிசையாக இருக்கும்: சி60 என்றால் ஏ.சி., என்40 என்றால் பவர் ஸ்டீயரிங், ஜி80 என்றால் லிமிடெட் ஸ்லிப். ஃபோர்டு தகட்டில் இந்த அளவு விவரம் கிடைக்காது. ஆனால் காகிதம் என்பதால் பலதில் கிழிந்து போயிருக்கும். இருந்தால் தொடுவதற்கு முன் படம் எடுத்துவிடுங்கள்.

இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் வண்டிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். லைன் செட்டிங் டிக்கெட் என்ற தாளில் அந்த வண்டியில் மாட்டிய பாகங்கள் ஒவ்வொன்றும் குறியீட்டோடு இருக்கும். வண்டியில் அது இல்லாவிட்டாலும் சேசிஸ் எண்ணைக் கொடுத்து நகல் வாங்க வழி உண்டு. மெர்சிடிஸ் டிரக்கில் பெயரே பாதி சொல்லிவிடும்: 1113 என்றால் 11 டன் வகை, 130 குதிரைத்திறன்.

தகடே இல்லை என்றால்

ஃபோர்டு என்றால் சேசிஸில் அடித்த எண் போதும், மேலே சொன்னபடி வகை, இன்ஜின், ஆலை, வருடம் கிடைத்துவிடும். நிறம், ஆக்ஸில் போன்ற மிச்ச விவரங்களுக்கு மார்ட்டி ஆட்டோ வொர்க்ஸ் என்ற நிறுவனம் 1967 மாடல் முதலான ஃபோர்டின் உற்பத்திப் பதிவுகளை வைத்திருக்கிறது. எண்ணைக் கொடுத்துப் பணம் கட்டினால் உங்கள் வண்டியின் பதிவை அறிக்கையாகத் தருவார்கள். தகடு இருப்பவர்களுக்கும் இது பயன்படும், தகட்டில் இடமில்லாத கூடுதல் பாகங்கள் அதில் வரும்.

நகல் தகடு செய்து தருகிறவர்களும் இருக்கிறார்கள். அடையாள எண் அடித்த தகட்டை மாட்டுவதில் உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று விசாரித்துவிட்டுத்தான் அதில் இறங்க வேண்டும். மாட்டினால், இது நகல் என்று வண்டியின் காகிதங்களோடு எழுதி வைத்துவிடுங்கள். அடுத்து வாங்குகிறவர் அதை அசல் என்று நம்பிப் படிக்கக் கூடாது.